ஊர் திரும்பிய முதல் சில வாரங்களில் கைக்காசு ஏன் இவ்வளவு வேகமாகக் கரைகிறது

துபாய், சவுதி, குவைத், சிங்கப்பூர் என்று பத்துப் பதினைந்து வருஷம் உழைத்துவிட்டு, "போதும், இனி ஊர்தான்" என்று தர்மபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ நிரந்தரமாகத் திரும்புகிறவர்களில் பலர், இரண்டு மூன்று மாதத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். குடி இல்லை, சூது இல்லை, ஆடம்பரமும் பெரிதாக இல்லை. ஆனாலும் கொண்டு வந்ததில் பெரும்பகுதியைக் காணோம். "அவனுக்குக் காசை வெச்சுக்கத் தெரியல" என்று ஊர் உடனே ஒரு காரணம் சொல்லிவிடும். அது நியாயமே இல்லாத பேச்சு. பத்துப் பேர் படுக்கிற அறையில் தங்கி, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிய ஆளுக்குக் காசின் அருமை தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

காரணம் வேறு. இத்தனை வருஷமும் பணம் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. இப்போது வரவு நின்றுவிட்டது. கையில் இருப்பது ஒரு மொத்தத் தொகை, அவ்வளவுதான். ஆனால் வீடு, உறவு, ஊர், ஏன் திரும்பி வந்தவரும்கூட, சில வாரங்களுக்கு வரவு இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போலவே நடந்துகொள்கிறார்கள். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 30,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது என்று வையுங்கள். ஒரு மாதம் கல்யாணச் செலவில் இழுத்துவிட்டால் அடுத்த மாதச் சம்பளம் அதைச் சரிக்கட்டிவிடும். கைமாத்து கொடுத்தது திரும்பவில்லை என்றாலும் வலிக்குமே தவிர வீடு ஆடாது, ஏனென்றால் முப்பது நாளில் இன்னொரு தொகை வந்துவிடும். மொத்தத் தொகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதில் எடுத்தது எடுத்ததுதான்.

அதனால் முதல் வேலை, கையிருப்பை ரூபாயாகப் பார்க்காமல் மாதங்களாகப் பார்ப்பது. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி ஒரு வருஷமாவது வேலை செய்தவருக்கு முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதற்கு மேற்பட்ட வருஷங்களுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹாம், எட்டு வருஷ வேலை என்றால் 105 நாளும் 90 நாளும் சேர்ந்து 195 நாள். நாளுக்கு 50 திர்ஹாம் வீதம் 9,750 திர்ஹாம். ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தால் 2,24,250 ரூபாய். இரண்டேகால் லட்சம் என்று சொல்லும்போது பெரிய தொகையாகத்தான் கேட்கிறது. மாதம் 30,000 செலவாகிற வீட்டில் அது ஏழரை மாதம். இந்த ஏழரை மாதம் என்ற எண்ணை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் அபிப்ராயம். மறைத்து வைத்தால் அவரவர் மனதில் அவரவர் ஒரு தொகையைக் கற்பனை செய்துகொள்வார்கள், அது எப்போதும் நிஜத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

அந்த 30,000 என்பதைக்கூட நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இத்தனை வருஷம் வீட்டு வரவு செலவை நடத்தியது பெரும்பாலும் மனைவி, இல்லை அம்மா. பால் பாக்கி, பள்ளி வேன், கேஸ், மாமனாரின் மாத்திரை, சங்கத்து நகைக்கடன் வட்டி, மகளிர் குழுத் தவணை எல்லாம் அவருக்குத்தான் தெரியும். வெளிநாட்டில் இருந்தவருக்குத் தெரிந்தது அனுப்பிய தொகை மட்டும்தான், செலவான தொகை தெரியாது. அனுப்பியது போதாமல் வீட்டில் கடன் வாங்கிச் சமாளித்திருக்கலாம், உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். அதனால் வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, கோபப்படாமல், ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தப் பணம் யார் பெயரில் எந்த வங்கியில் இருக்கிறது, எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும். பணம் அப்பா கணக்கில் கொஞ்சம், மனைவி கணக்கில் கொஞ்சம், தம்பி பெயரில் போட்ட வைப்பு நிதியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடப்பது நம்ம பக்கத்தில் சாதாரணம். பட்டியல் போட்டால்தான் தெரியும்.

செட்டில்மென்ட், அதாவது வேலை முடியும்போது கம்பெனி தர வேண்டிய மொத்த பாக்கி விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் சில வாரங்களின் பதற்றத்தில் பாதி இதனால்தான் வருகிறது. அமீரகத்தில் ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் எல்லா பாக்கியும் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் பலர் அதற்குள் விமானம் ஏறிவிடுகிறார்கள், பணம் பிறகு அங்கத்திய வங்கிக் கணக்கில் விழுகிறது. அதை இங்கே அனுப்ப ஓ.டி.பி. வேண்டும், அந்த ஓ.டி.பி. அங்கத்திய சிம்முக்குத்தான் வரும். சிம்மை யாரோ நண்பரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தால், இல்லை ரோமிங் இல்லாமல் அணைந்து போயிருந்தால், பணம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. கடைசி ரூபாய் இங்கே வந்து சேரும்வரை அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். அங்கே கிரெடிட் கார்டு, கடன் பாக்கி இருந்தால் கடைசிச் சம்பளத்தை வங்கி பிடித்து வைக்கும்; கிளம்பும் முன்பே அதை முடித்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கையில் வாங்கிக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் கதை வேறு மாதிரி: வெளிநாட்டுப் பணியாளர் வேலையை விட்டுப் போகும்போது வரிக்கணக்கு முடியும்வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அங்கத்திய விதி. அதனால் கடைசி மாதச் சம்பளத்தை நம்பி ஊரில் எதற்கும் தேதி குறிக்கக் கூடாது.

இதே சிக்கல் இந்தப் பக்கத்திலும் உண்டு. ஊரில் முன்பு வைத்திருந்த சிம் 90 நாளுக்கு மேல் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் ரத்தாகலாம், பிறகு அதே எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். உங்கள் வங்கிக் கணக்கில் பதிவாகியிருப்பது அந்த எண்ணாக இருந்தால் உங்கள் ஓ.டி.பி. யாரோ ஒருவருடைய போனில் ஒலிக்கும். வந்தவுடன் வங்கிக்குப் போய் மாற்ற வேண்டிய முதல் விஷயம் இதுதான். இரண்டு வருஷம் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு முடங்கிய கணக்காகிவிடும். அதை உயிர்ப்பிக்க கே.ஒய்.சி. ஆவணங்களைக் கொடுத்தால் போதும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. புது போனில் யு.பி.ஐ. தொடங்கினால் முதல் 24 மணி நேரம் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். விமானத்தில் இறங்கிய அன்றே போனை நம்பி எல்லாம் செய்துவிடலாம் என்று நினைக்காமல் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஆட்களில் பலர் இறங்குவது பெங்களூரில், அங்கிருந்து ஓசூர் வழியாக வீடு வந்து சேர்வதற்குள்ளேயே கார், டோல், சாப்பாடு என்று போய்விடும்.

கொண்டு வருகிற வெளிநாட்டுப் பண நோட்டு 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்பது தீர்வை இல்லாத தங்க நகைக்கான எடை வரம்பு. அது நகைக்குத்தான், தங்கக் காசுக்கும் தங்க பிஸ்கட்டுக்கும் இல்லை. அதற்கு மேல் என்றால் தீர்வை கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இனி வீடு வந்து சேர்ந்த பிறகு. முதல் இரண்டு வாரம் யாராவது பார்க்க வந்துகொண்டே இருப்பார்கள், அது நல்ல விஷயம்தான், பத்து வருஷமாகப் பார்க்காத முகங்கள். சாக்லேட்டும் சென்ட்டும் பெரிய செலவு இல்லை. பெரிய செலவு இரண்டு. ஒன்று மொய். நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது மொய் நோட்டில் இருக்கும். அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதற்காக ஐநூறு எழுதியவருக்கு ஐயாயிரம் எழுதுவது தேவையே இல்லை, அப்படி ஒரு முறை எழுதிவிட்டால் எல்லாப் பங்காளி வீட்டிலும் அதே அளவு எதிர்பார்ப்பு வந்துவிடும். நோட்டைப் பார்த்து, வந்ததற்குக் கொஞ்சம் கூட்டி எழுதுங்கள், போதும்.

இன்னொன்று கைமாத்து. "மச்சான், போர் போடணும், ரெண்டு மாசத்துல குடுத்துடறேன்" என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. நம்ம மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு எத்தனை நூறு அடி போனாலும் தண்ணீர் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, தண்ணீர் வந்தாலும் அதில் விளைந்து காசாக இரண்டு மாதம் போதாது. அவருடைய நம்பிக்கை நிஜம், தேதிதான் நிஜமில்லை. இதற்கு எனக்குத் தெரிந்து ஒழுங்காக வேலை செய்கிற பதில் ஒன்றுதான்: "பணத்தை எல்லாம் மூணு மாசம் எதுக்கும் எடுக்கறதில்லன்னு வீட்ல பேசி வெச்சிருக்கோம் மாமா, அப்புறம் பேசலாம்." யாரையும் நம்பவில்லை என்று அர்த்தம் வராது, மனைவி மேல் பழி போடுவதும் ஆகாது, நிஜத்தில் அப்படிப் பேசி வைத்திருந்தால் பொய்யும் ஆகாது.

கொடுக்க வேண்டிய கடன்கள் இருந்தால் அது வேறு கணக்கு. அவற்றில் எதை முதலில் அடைப்பது என்பதில் தவறிவிட்டால் நஷ்டம் பெரிது. நம்ம பக்கத்தில் வட்டியை மாதத்துக்கு, நூற்றுக்கு என்று பேசுவதால் அதன் கனம் தெரிவதில்லை. மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். 3 லட்சம் மூன்று வட்டிக்கு இருந்தால் மாதம் 9,000 ரூபாய் வட்டி மட்டும் போகிறது. அதே 3 லட்சத்தை 7 சதவீத வைப்பு நிதியில் போட்டால் மாதத்துக்கு 1,750 ரூபாய் வரும். அதாவது பணத்தை வங்கியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வட்டிக்கடனை ஓடவிட்டால் மாதம் 7,250 ரூபாய் கைவிட்டுப் போகிறது. ஆகவே தனியாரிடம் வாங்கிய மூன்று வட்டி, ஐந்து வட்டிக் கடன்தான் முதலில். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருக்கிற நகையை மீட்பது அதற்குப் பிறகு, வட்டி குறைவு, தவணையும் இருக்கும். கழுத்தில் நகை இல்லாமல் இருப்பது வீட்டில் பெண்களுக்கு மனக்கஷ்டம் என்பது தெரியும், அதனால் இதையும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். கடனை அடைத்தவுடன் எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் கணக்கு வழியாகக் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சி தானாக இருக்கும். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது, மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போக வழி உண்டு.

வங்கிக் கணக்குக்கு வருவோம், இங்கே குழப்பம் அதிகம். என்.ஆர்.இ. (வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு), என்.ஆர்.ஓ. (இந்தியாவில் வரும் வருமானத்துக்கு) கணக்குகள் வெளிநாட்டில் வசிப்பவருக்கானவை. இனி இங்கேதான் என்று முடிவு செய்து வந்துவிட்டால், அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் கணக்கில் நீங்கள் அப்போதே உள்நாட்டுவாசி. வங்கியில் சொல்லி அந்தக் கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். விடுமுறைக்கு வந்தவர் மாற்ற வேண்டியதில்லை. வருமான வரிச் சட்டமோ நீங்கள் என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்காது, ஒரு நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்று எண்ணிப் பார்க்கும். ஒரே ஆள் ஒரே நாளில் ஒரு சட்டத்துக்கு உள்நாட்டுவாசியாகவும் இன்னொரு சட்டத்துக்கு வெளிநாட்டுவாசியாகவும் இருக்கலாம் என்பதுதான் குழப்பத்தின் வேர்.

நடைமுறையில் இதனால் என்ன வருகிறது? என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை ஃபெமா நிலையைப் பொறுத்தது, அதனால் நிரந்தரமாகத் திரும்பிய பிறகு வரும் வட்டி வரிக்குரியது. பல வருஷம் வரியில்லாமல் வந்து பழகிய வட்டி என்பதால் இது பலருக்கும் தெரிவதில்லை. இன்னொரு பக்கம், என்.ஆர்.ஓ. கணக்கு வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் டி.டி.எஸ்.ஸாக, அதாவது வட்டியைத் தரும்போதே வரியாகப் பிடிப்பார்கள்; சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டால் 10 சதவீதம்தான், அதுவும் ஒரு வங்கியில் வருஷ வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான். அப்படியென்றால் மாற்றாமல் இழுத்தடிப்பதில் லாபமும் இல்லை. வெளிநாட்டுப் பணத்தில் போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்பு இருந்தால் அதை உடைக்க வேண்டாம், முதிர்வு வரை அதே வட்டியில் ஓடும். மறுபடி வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சம் இருக்கிறது, டாலராகவே வைத்துக்கொள்ள ஆசை என்றால், திரும்பி வந்தவர்களுக்கென்றே ஆர்.எஃப்.சி. என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது. கிளையில் இருப்பவருக்கு உடனே தெரியாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். கைவசம் இருக்கும் வெளிநாட்டு நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம், மீதியை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.

வெளிநாட்டில் சம்பாதித்ததற்கு இங்கே வரி கட்ட வேண்டுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு, இல்லை முந்தைய 7 வருஷத்தில் மொத்தம் 729 நாள் அல்லது அதற்குக் குறைவாக இந்தியாவில் இருந்தவருக்கு, வரிச் சட்டத்தில் இடைப்பட்ட ஒரு நிலை உண்டு. அந்த நிலையில் இருக்கும்வரை, வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெற்ற வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. வருஷத்துக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் மட்டும் லீவில் வந்து போனவர்கள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைத் தேதிகளை வைத்து நாள்களை எண்ணி எழுதி, ஒரு ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள், அந்தக் கட்டணம் வீண் இல்லை. பான் எண்ணை ஆதாரோடு இணைப்பதிலிருந்து வெளிநாட்டுவாசிக்கு விலக்கு உண்டு, திரும்பியவருக்கு இல்லை. இணைக்காமல் பான் முடங்கினால் டி.டி.எஸ். 20 சதவீதமாக ஏறிவிடும்.

நிலம் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நம்ம பக்கத்து ஆள் கடல் தாண்டிப் போனதே ஒரு தோட்டம் வாங்கத்தான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலம் வாங்க ஃபெமா அனுமதிப்பதில்லை, வீட்டுமனையும் வீடும் கடையும்தான் வாங்கலாம். நிரந்தரமாகத் திரும்பியவுடன் அந்தத் தடை விலகிவிடுகிறது. அதனாலேயே, இத்தனை வருஷம் அடக்கி வைத்த ஆசை முதல் மாதத்தில் பீறிட்டுக்கொண்டு வரும், தரகருக்கும் அது தெரியும். நீங்கள் வந்து இறங்கிய செய்தி காரிமங்கலத்திலிருந்து ஊத்தங்கரைக்கு உங்களுக்கு முன்னால் போய்விடும். ஓசூரில் சர்வதேச விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். போச்சம்பள்ளி, சூளகிரி, கெலமங்கலம் பக்கம் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. இதெல்லாம் உண்மை. ஆனால் அவற்றைக் காட்டி எங்கோ முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனையை "நாளைக்கே டபுள்" என்று விற்பது வியாபாரம்.

நிலம் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. முதல் வாரங்களில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்து நிலத்துக்கு 90,000 ரூபாய் பத்திரத்துக்கே போகும், தரகு தனி, சுற்றுவேலி தனி, பட்டா மாறுதலுக்கு அலைச்சல் தனி. பிறகு அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் நிலத்தில் பாதி ஏக்கரைக் கிள்ளி எடுத்து வாரத்துக்குள் விற்க முடியாது, வந்த விலைக்குத்தான் தள்ள வேண்டும். பார்ப்பதற்குக் காசு இல்லை, ஆகவே அந்த மூன்று மாதத்தை நன்றாகப் பார்ப்பதற்குப் பயன்படுத்துங்கள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, அ-பதிவேடு என்ற வருவாய்த்துறை நிலப் பதிவேடு, மனையாக இருந்தால் அங்கீகாரம் எல்லாம் சரிபாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு பதிவில் சிக்கும். கோடையில் ஒரு முறை கிணற்றை எட்டிப் பாருங்கள், கார்த்திகையில் பார்த்த கிணறு வேறு, சித்திரையில் பார்க்கிற கிணறு வேறு. சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது, ஆக ரொக்கம்தான் வேண்டும் என்று ஒருவர் அடம் பிடித்தால் அங்கேயே விலகிவிடலாம்.

பணத்தைச் சும்மா வைத்திருப்பது தப்பு என்று யாராவது சொல்வார்கள், லட்சத்துக்கு மாதம் இவ்வளவு தருகிறோம் என்று ஒரு நிதி நிறுவனத்தின் ஆளும் வீடு தேடி வருவார், பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். 2012இல், ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று சொல்லி முதலீடு வாங்கிய திட்டங்கள் சரிந்தபோது கொங்குப் பக்கம் எத்தனை குடும்பம் அழுதது என்று நம்ம ஊரில் பலருக்கு நினைவிருக்கும். வங்கியில் போட்டால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, தொகை அதிகம் என்றால் இரண்டு வங்கியாகப் பிரியுங்கள். தனியார் நிதி நிறுவனத்துக்கும் சீட்டுக்கும் அந்தக் காப்பீடு இல்லை. சீட்டுக் கட்டுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், நம்ம வீடுகள் அதில்தான் கல்யாணம் நடத்தியிருக்கின்றன. ஆனால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததா என்று பாருங்கள். வரவு நின்றுபோன காலத்தில் புதுச்சீட்டில் சேர்வது மாதாமாதம் ஒரு கட்டாயத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதுதான், அதை வருமானம் தொடங்கிய பிறகு பார்க்கலாம்.

வருமானத்துக்குச் சொந்தத் தொழில்தான் என்று முடிவெடுத்தவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் மாதிரியான மானியக் கடன்கள் புதிதாகத் தொடங்கப்போகும் தொழிலுக்குத்தான், ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்குக் கிடையாது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதமும் பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம், சொந்தப் பங்கு 10 அல்லது 5 சதவீதம் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. கொண்டு வந்த பணம் முழுவதையும் போட்டு வந்த மாதமே வொர்க்‌ஷாப்பையோ மாவு மில்லையோ திறந்துவிட்டால் அந்த வாசல் அடைபட்டுப் போகிறது. முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள், எந்தத் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள், பிறகு கடைக்கு இடம் தேடலாம். மாந்தோப்புக் குத்தகை எடுக்க நினைப்பவர்களும் யோசியுங்கள்: கிருஷ்ணகிரியில் மாங்காய் வருஷத்துக்கு ஒரு போகம், பெங்களூரா ரகத்துக்குக் கூழ் தொழிற்சாலைகள் வைப்பதுதான் பெரும்பாலும் விலை. அந்தக் காசு வரும்வரை வீட்டுச் செலவுக்கான மாதங்கள் கையில் தனியாக இருக்க வேண்டும். தக்காளியும் அப்படியே, பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தையில் ஒரு மாதம் விற்கிற விலை அடுத்த மாதம் இருக்காது.

கடைசியாக மருத்துவம். கம்பெனி கொடுத்த காப்பீடு வேலையோடு போய்விட்டது, ஊரில் இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை என்ற இடைவெளியில்தான் பல குடும்பங்கள் அடிபடுகின்றன; நெஞ்சுவலி என்று சேலத்துக்கோ பெங்களூருக்கோ வண்டி கட்டினால் ஆறு மாதத்துப் பணம் ஒரு வாரத்தில் போய்விடும். புதிதாக எடுக்கிற மருத்துவக் காப்பீட்டில் விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரைகூடக் காத்திருப்பு இருக்கலாம். அதனால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வாரமும் அந்தக் காத்திருப்பும் தள்ளிப்போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், அதற்கு வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், வெளிநாடு போனவர் என்று நீக்கியிருந்தால் மறுபடி சேர்க்க நாளாகும். தனியார் காப்பீடு எடுக்கிறீர்கள் என்றால், வளைகுடா வெயிலில் வாங்கி வந்த சர்க்கரையோ ரத்த அழுத்தமோ, சிறுநீரகக் கல்லோ, எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். முகவர் "அதெல்லாம் எழுத வேண்டாம் அண்ணா" என்று சொன்னாலும் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், ஏனென்றால் பிறகு பணம் கேட்டு நிற்கும்போது நிறுவனம் புரட்டிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.